ஆடுசதைக்கு ஒரு மனு

இசக்கிராஜ் அன்றைக்கு ஜிம்முக்கு வந்தது எடை தூக்க அல்ல. கையெழுத்து வாங்க. கையில் ஒரு மனு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

முந்தின நாள்தான் மாவட்ட ஆணழகன் போட்டி முடிந்தது. முதல் பரிசு வாங்குகிறவன் மட்டும்தான் மாநிலப் போட்டிக்குப் போகலாம். பதினோரு வருஷமாக எடை தூக்குகிற இசக்கிராஜுக்கு இது நாலாவது இரண்டாம் பரிசு. ஒரே ஒரு மார்க்கில் போச்சு. அதுவும் எதில்? ஆடுசதையில்! முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம், ஒரு சாண் சதை. வேட்டி கட்டினால் வெளியே தெரியாத சமாச்சாரம். அதில் போய் ஒரு மனுஷனுடைய பதினோரு வருஷம் மாட்டிக்கொண்டது.

அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். ஜெயித்த ஜெபசிங் சும்மா இருந்தானா? மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஆடுசதைக்குன்னு நான் தனியா ஒண்ணும் செய்யுறதில்ல. பொறந்ததுல இருந்தே இப்படித்தான்."

கூட்டம் கைதட்டியது. எதற்குத் தட்டினார்கள்? ஒன்றும் செய்யாததற்கா? இசக்கிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மூன்று வருஷமாக ஜிம் வாசல்படியின் விளிம்பில் நுனிக்காலில் நின்று, தினம் முந்நூறு தடவை எழும்பி எழும்பி இறங்கியிருக்கிறான். படி தேய்ந்ததே ஒழிய கால் பருக்கவில்லை. அந்த ஜெபசிங் பயல் நோகாமல் நொங்கு தின்றுவிட்டுப் போகிறான்.

மேடையை விட்டு இறங்கியதும் எதிரே வந்தவர் அவன் அப்பா. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். மகன் பசியோடு இருப்பானே என்று ஆறு முட்டையை அவித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கோபம் வந்தால் கண்ணு மண்ணு தெரியாது என்பார்கள். இவனுக்கு அப்பாவே தெரியவில்லை.

"இந்தக் குச்சிக்கால உங்ககிட்ட நான் கேட்டனா?" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டான்.

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். டப்பாவை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கோபமும் சேர்ந்துதான் இப்போது இந்த மனு. காலையிலிருந்து உட்கார்ந்து, நாலு தாள் கிழித்து, ஐந்தாவது தாளில் எழுதி முடித்தது.

ஜிம்மை நடத்துகிறவர் தங்கப்புஷ்பம் மாஸ்டர். ஒரு காலத்தில் பளுதூக்கி மெடல் வாங்கிய பெண்மணி. ஆண்பிள்ளைகளுக்கு நீ என்ன சொல்லிக்கொடுப்பாய் என்று கேட்டவர்களெல்லாம் பிற்பாடு தம் பிள்ளைகளை அவரிடமே கொண்டுவந்து விட்டார்கள். அவரிடம் பேச்சும் எடைபோட்டுத்தான் வரும். அன்றைக்கு எடை இழுக்கிற மெஷினின் கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி முன்னால் பால்துரை தம்பிள்ஸ் தூக்கிக்கொண்டிருந்தான். வேறு ஆள் இல்லை.

"மாஸ்டர், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அஞ்சு மணிக்குள்ள ஆணழகன் சங்கத்துல குடுக்கணும். உங்க கையெழுத்து இல்லன்னா வாங்க மாட்டாங்களாம்."

"என்னலே இது?"

"ஆட்சேப மனு. என்னைய மாநிலத்துக்கு அனுப்பணும். அது என் உரிமை."

மாஸ்டர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். வாய்விட்டே படித்தார்.

"ஆடுசதை பிறப்பால் வருவது, உழைப்பால் வருவதல்ல. பிறப்பால் வந்ததற்கு மார்க் போடுவது அநியாயம். ஆகவே ஆடுசதைக்குப் போட்ட மார்க்கை நீக்கிவிட்டு மறுபடியும் கூட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நியாயமாத்தாம்லே இருக்கு."

மல்லுக்கட்டத் தயாராக வந்தவனுக்கு இதைக் கேட்டதும் திக்கென்றது.

"கிண்டல் பண்ணுதீங்களா?"

"எதுக்குக் கிண்டல்? மூணு வருசம் நீ படியில நின்னதைப் பாத்தவதானே நான். ஒன் ஆடுசதை இதுக்கு மேல வராது. சதை முடியுற எடம் ஒனக்கு மேலேயே நின்னுருச்சு. கீழ வெறும் நரம்பு. அதை யாரும் இழுத்து நீட்ட முடியாது."

"பாத்தீங்களா! நீங்களே சொல்லிட்டீங்க!" இசக்கிராஜ் தொடையில் அடித்துக்கொண்டான். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? எங்கப்பன் சட்டியில ஒண்ணுமில்ல. அதுக்கு நான் தண்டனை அனுபவிக்கணுமா? எந்த ஊரு நியாயம் இது?"

"பேனா குடு."

கொடுத்தான். மாஸ்டர் கையெழுத்துப் போடவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு சட்டைலே இது?"

நீலக் கட்டம் போட்ட சட்டை. இசக்கிராஜ் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"அப்பாவோடது. என் சட்டையெல்லாம் போட்டிக்குப் பூசுன எண்ணெய்ப் பிசுக்கு. ஊறப் போட்டிருக்கு."

"தோள்ல இறுக்குதா?"

இதைக் கேட்கிறாரே என்றிருந்தது அவனுக்கு. ஜிம்மில் அவனுக்குப் பட்டப்பேரே 'கதவு'. அவன் வந்து நின்றால் வாசல் அடைத்துக்கொள்ளும். கடையில் விற்கிற சட்டை எதுவும் தன் தோளில் ஏறாது என்று சொல்லிக்காட்டுவதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

"இல்ல. இறுக்கல."

"கையத் தூக்கு."

தூக்கினான். தையல் ஒரு நூல்கூட முறுக்கவில்லை. அவனுக்கே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

"ஒங்கப்பா எந்த ஜிம்முக்குப் போனாவ?"

"அவரா? நாப்பது வருசமா நாற்காலியில உக்காந்து பஸ் நேரம் எழுதுதாரு. பேனாவத் தவிர வேற எதையும்..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். காது மடல் சூடானது. அடுத்த நொடியே கோபம் மறுபடியும் தலைக்கேறிவிட்டது.

"அதுக்காக? என் தோளு என் உழைப்பு மாஸ்டர்! பதினோரு வருசம் ரத்தத்தச் சிந்தி வளத்தது! அதையும் எங்கப்பன் கணக்குல சேக்காதீங்க!"

"பால்துரை, இங்க வா."

பால்துரை தம்பிள்ஸைக் கீழே வைத்துவிட்டு வந்தான். தபால் ஆபீஸில் வேலை. இசக்கிராஜைப் பார்க்காமல் மாஸ்டர் பக்கமே பார்த்து நின்றான். இருவரும் ஒன்றாக எடை தூக்கியவர்கள். போன பொங்கலிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

"நீ என்னைக்குலே சேந்த?"

"இவன் சேந்த அன்னைக்கே, மாஸ்டர்."

"எவ்வளவு தூக்குன?"

"இவன் தூக்குனதத்தான். மாத்தி மாத்தித் தூக்குவோம்."

"எத்தனை நாள் லீவு போட்ட?"

"ஆபீசுல போட்டிருக்கேன். இங்க போட்டதில்ல. எங்கம்மா பதினாறாம் நாள் காரியம் முடிச்சுட்டு சாயந்திரம் வந்துட்டேன்."

"தோளு?"

பால்துரை பனியனோடு நின்றான். காட்ட என்ன இருக்கிறது? பதினோரு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்த அதே தோள், சட்டை மாட்டுகிற கம்பி மாதிரி சரிந்து இறங்கியிருந்தது.

மாஸ்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் பால்துரைக்கு உள்ளே எதுவோ அறுந்துவிட்டது.

"போன பொங்கலுக்கு இதே எடத்துல வச்சு, புதுசா சேந்த பயலுவ முன்னால, என்னையச் சோம்பேறின்னு சொன்னான் மாஸ்டர். 'ஒழுங்கா உழைச்சா தோளு வராம எங்கலே போவும்'னு கேட்டான். பயலுவல்லாம் சிரிச்சானுவ. அதுக்கப்புறம் நான் எந்த மேடையும் ஏறல. மனு எழுதணும்னா அன்னைக்கு நான்லா எழுதியிருக்கணும்!"

 பால்துரை திரும்பிப் போய் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

 இசக்கிராஜ் அன்றைக்கு அப்படிச் சொன்னது உண்மைதான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. 

மாஸ்டர் மனுவைப் பெஞ்சில் விரித்து வைத்தார். ஏதோ எழுதினார். கையெழுத்துப் போட்டு, மேஜை டிராயரிலிருந்து ஜிம் சீலை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"இந்தா. மணி நாலுதான் ஆவுது. சைக்கிள மிதிச்சா போய்ச் சேந்துரலாம்."

இசக்கிராஜுக்கு நம்ப முடியவில்லை. ஆசையாய் வாங்கிப் பார்த்தான். 'ஆடுசதை' என்று அவன் எழுதின இடத்திலெல்லாம் பக்கத்திலேயே தோளையும் மாஸ்டர் சேர்த்து எழுதியிருந்தார். ஆடுசதையும் தோளும் பிறப்பால் வருவது. ஆடுசதைக்கும் தோளுக்கும் போட்ட மார்க்கை நீக்கிவிட்டு மறுபடியும் கூட்டிப் பார்க்கவும்.

"என்ன மாஸ்டர் இது! தோளு மார்க்க எடுத்துட்டா நான் ஏழாவதோ எட்டாவதோ போயிருவேனே!"

"போவ."

"இது அநியாயம்!"

"ஒன் மனுதாம்லே. நான் ஒரு வார்த்தைதான் சேத்தேன்."

 அப்பாவின் சட்டை தோளில் கனக்கிற மாதிரி இருந்தது. மனுவை மறுபடியும் ஒரு தடவை படித்தான்.

"ரெண்டையும் எடுத்துட்டா எனக்குன்னு அப்புறம் என்னதான் மாஸ்டர் மிஞ்சும்?"

மாஸ்டர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கப்பிப் பக்கம் திரும்பினார்.

"அந்த மிஞ்சுறத மட்டும் வச்சுக்கிட்டுத்தான் பால்துரை பதினோரு வருசமா இங்க வாரான். அவனத்தான் நீ சோம்பேறின்னு சொன்ன."