யாரும் சொல்லாத கதை

முன்னொரு காலத்தில், மாயக் கதை கேட்காமல் மாலைப் பலகாரத்தில் கை வைக்காத ராஜா ஒருவர் இருந்தார். அவருக்குக் கதை சொல்வது விகடகவி வெண்காடனின் வேலை. அரக்கனின் உயிர் கிளிக்குள் இருப்பதாக முன்னோர் சொன்னார்கள் அல்லவா? வெண்காடனோ கிளியின் உயிரை அரக்கனின் மூக்குக்குள் வைத்தான். அரக்கன் தும்மும்போதெல்லாம் கிளி பதறிப்போய்ச் சுக்குக் கஷாயம் காய்ச்சியது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆஸ்தானப் புலவர் பூதலிங்கருக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

"மன்னர் பெருமானே, இது திருட்டு! பழங்கதையைத் தலைகீழாக்கிச் சொல்கிறான். திருடிய தேங்காயைத் துவையலாக அரைத்தால் சொந்தமாகிவிடுமா?"

ராஜாவின் முகம் மாறியது. "வெண்காடா, யாரிடமும் எதையும் இரவல் வாங்காத கதை ஒன்றை நாளை சொல். இல்லையேல் நாட்டை விட்டுப் போ."

வீட்டில் மனைவி தையல்நாயகி பாத்திரங்களை மூட்டை கட்டினாள். "ஒரு கதைக்காகவா ஊரை விட்டுத் துரத்துவாங்க?" என்று அழுதாள். வெண்காடன் திண்ணையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தான். கடல் என்றால் எவரோ சொன்ன கடல். குதிரைக்கு இறக்கை வைத்தால், அதையும் எவரோ வைத்தாயிற்று. 'கதை' என்ற சொல்லே அம்மா கொடுத்ததுதான். யோசனை அங்கே வந்ததும் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மூட்டையை அவிழடி" என்றான்.

மறுநாள் சபை நடுவே நின்று தொடங்கினான். "ஞொப்பளக் கிடுவியன் முண்டிலாச் சரப்பினான். மிஞ்ஞிகள் தொளக்கின. பொளுவே, பொளுவே!" சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன உளறல் இது?" என்றார் ராஜா.

"கதைதான் அரசே. சொற்களும் இரவல் ஆயிற்றே, அதனால் அவற்றையும் புதிதாகச் செய்தேன். இது தாங்கள் அழவேண்டிய இடம்."

சபை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. பூதலிங்கர் துள்ளி எழுந்தார். "இதுவும் திருட்டே! இந்தக் கதையை நான் முன்பே கேட்டிருக்கிறேன்!"

"நல்லதாகப் போயிற்று" என்றான் வெண்காடன். "கிடுவியன் ஏன் சரப்பினான் என்று புலவரே மன்னருக்கு விளக்கட்டும்."

"சரப்பினான் என்றால்... அதாவது..." புலவருக்கு வியர்த்துக் கொட்டியது. "கேட்டதில்லை, பெருமானே."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "போதும் வெண்காடா! இனி உன் விருப்பம்போல் இரவல் வாங்கு. எனக்குப் புரிந்தால் சரி." தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குக் கொடுத்தார்.

வெண்காடன் அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போர்த்திக்கொண்டான்.

"ஏனடா இப்படி?"

"சால்வை தங்களுடையது, அரசே. திருப்பிப் போட்டது மட்டும் அடியேனுடையது."

பூதலிங்கருக்கே சிரிப்பு வந்துவிட்டது.