வாரின் நுனி

மாற்றுத்திறனாளிகளுக்கான துடுப்புப் படகுப் போட்டியில் ஒன்பது வருஷமாகத் தோல்வியே காணாதவர் சவுந்தரபாண்டி. மறுநாள் பந்தயத்தை வைத்துக்கொண்டு அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பயமில்லை, இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலே போனவர். படகில் உட்கார்ந்ததும் தொடைகளை வாரால் இருக்கையோடு இறுக்கிக் கட்டிக்கொள்வார். கவிழ்ந்தால் வாரின் நுனியை ஒரே இழுப்பாக இழுத்து வெளியே வர வேண்டும். போன மாதம் பக்கத்துத் தடத்தில் ஒருவன் கவிழ்ந்து, முகம் நீலம் பாரித்து வெளியே வந்ததை அவர் பார்த்துவிட்டார்.

பயிற்சியாளர் பௌசியா அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அந்த ஏரியில் அவள் வைத்ததுதான் சட்டம்.

“கோச், இந்தப் பயம் எப்பப் போகும்?”

அவள் அவருடைய படகில் ஏறி உட்கார்ந்தாள். “உங்களுக்குக் கட்டிக்கிற மாதிரியே என்னையும் கட்டுங்கண்ணே.”

துறைப் பலகையில் உட்கார்ந்தபடி கட்டினார். பழக்கதோஷத்தில் நுனியைத் தொடைக்கடியில் செருகியும் விட்டார். தொங்கினால் காற்றில் படபடக்கும், பார்க்க அசிங்கம். ஒவ்வொரு தடவையும் அவள் வாரைச் சோதித்துவிட்டு நகர்ந்ததும், ஒன்பது வருஷமாக அவர் செய்துவரும் திருட்டுத்தனம் அது. கை செய்ததைப் புத்தி கவனிக்கவில்லை.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு படகைக் கவிழ்த்தாள்.

“ஒண்ணு... ரெண்டு...”

மூன்றில் வந்துவிடுவாள். நூறு தடவை பார்த்திருக்கிறார்.

நாலு. அஞ்சு. அப்போதுதான் செருகிய நுனி நினைவுக்கு வந்தது.

“நுனி அடியில இருக்கு! அடியில!” என்று கத்தினார். தண்ணீருக்குள் யாருக்குக் கேட்கும்? பலகையிலிருந்து உருண்டு விழுந்தார். துழாவினார். நகம் பெயர இழுத்தார்.

பௌசியா மேலே வந்து இருமினாள். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இருவரும் மிதந்தார்கள். சவுந்தரபாண்டி அழுதேவிட்டார்.

“நான் செருகினதைப் பாத்தீங்களா கோச்?”

“பாத்தேன்.”

“பாத்துட்டா கவுத்தீங்க? உங்களுக்குப் பயமே இல்லியா?”

அவள் கையை நீட்டினாள். அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப எம் பயம் போகவே போகாதா?”

“போக வேணாம்ணே. இத்தனை வருஷமா உங்களுக்குப் பயமில்லாததுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.”