எட்டு அறைகளுக்கு ஒரு மனு

தில்லைநாயகம் மடத்துக்குள் நுழைந்தபோது செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார். அவ்வளவு கோபம். பாதி முற்றம் வந்தபிறகு நினைவு வந்து, திரும்பிப் போய் உதறிவிட்டு வந்தார். ஒன்று வாசலில் விழுந்தது. இன்னொன்று செம்பருத்திச் செடிக்குள் போய் விழுந்தது.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. முப்பத்தோரு வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் உட்கார்ந்து, ஒரு கையெழுத்துக் கோணினாலும் பத்திரத்தைத் திருப்பி வீசிய மனுஷன். ஓய்வு பெற்றபின் இரண்டு வருஷமாக மனசு அமைதிக்காக இந்த மடத்துக்கு வருகிறார். அமைதி இன்னும் வந்தபாடில்லை.

மடத்தின் குரு செண்பகவல்லி அம்மா. தில்லைநாயகத்தைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். காவி கட்டுவதற்கு முன், அதே பதிவு ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிப் பிழைத்தவர். அந்தப் பழக்கத்தில் இவரை இன்னும் சார் என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா அன்னதானத்துக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒரு மனு எழுதணும். நுகர்வோர் கோர்ட்டுக்கு."

"நான் மனு எழுதறதை விட்டு ஒம்பது வருஷம் ஆச்சு, சார்."

"எனக்காக ஒரே ஒரு தடவை. நான் எழுதினா கெட்ட வார்த்தை வந்துடும்."

அம்மா அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தினார். "சொல்லுங்க."

"திருக்கடையூர்ல எனக்கு அறுபதாம் கல்யாணம் வெச்சிருந்தோமில்லையா. சொந்தக்காரங்க தங்கறதுக்கு ஓட்டல்ல எட்டு ரூம் போட்டிருந்தேன். முழுப் பணமும் முன்னாடியே கட்டியாச்சு. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது என் தம்பி அமிர்தலிங்கம் போய்ட்டான். பங்காளித் தீட்டு. எல்லாம் நின்னுபோச்சு."

"ம்."

"உடனே ஓட்டலுக்குப் போன் போட்டேன். இது பணம் திருப்பித் தராத புக்கிங் சார்ங்கறான் மேனேஜர். எழவு விழுந்திருக்குய்யான்னேன். போன்ல சொன்னாச் செல்லாது, முறைப்படி எழுதி அனுப்புங்கன்னான். எழுதி அனுப்பினேன். இப்போ பதில் வந்திருக்கு. உரிய காலத்துல முறைப்படி தெரிவிக்கலையாம். ஒரு பைசா கிடையாதாம்."

சொல்லச் சொல்ல அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பதினான்கு நாளாக இதே வேலைதான். தியானத்தில் கண்ணை மூடினால் ஈசன் வருவதில்லை, அந்த மேனேஜர்தான் வருகிறான். நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் மீசையோடு வருகிறான்.

வீட்டில் சொல்லிப் புலம்பவும் ஆளில்லை. மனைவி கோமதி சாவுச் செய்தி வந்த அன்றைக்கே அமிர்தலிங்கம் வீட்டுக்குப் பஸ் ஏறினவள், அங்கேயே இருக்கிறாள். இவர் போகவில்லை. வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "பதினாறாம் நாள் காரியத்துக்காவது வந்து நில்லுங்க. வரலைன்னா அறுபதாம் கல்யாணத்துக்கு வேற பொண்ணு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் படி இறங்கினாள். நாளை மறுநாள் பதினாறு.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய், ஒரு பரீட்சை அட்டையில் வெள்ளைத்தாளைச் செருகி எடுத்துவந்தார்.

"சுத்தி வளைக்க வேணாம், சார். அந்த ஆள் செஞ்ச தப்பு என்ன? அதை மட்டும் சொல்லுங்க."

தில்லைநாயகம் நின்றபடியே சொன்னார்.

"எழவு சொன்ன மனுஷன்கிட்டே, போன்ல சொன்னாச் செல்லாதுன்னு சொன்னான்."

அம்மா எழுதினார்.

"செத்தவர் எப்படிச் செத்தார்னு ஒரு வார்த்தை கேக்கலை."

எழுதினார்.

"முறை, முறைன்னு அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கினான். அந்தப் பக்கம் ஒருத்தன் தொண்டை அடைச்சுப் பேசறானேன்னு ஈவு இரக்கம் இல்லை. பேசிக்கிட்டு இருக்கும்போதே போனை வெச்சுட்டான்."

"வெச்சுட்டான். அப்புறம்?"

"இவனெல்லாம் அண்ணன் தம்பியோட பொறந்தவன்தானான்னு கேட்டு எழுதுங்க."

"அப்படியேவா?"

"அப்படியே. ஒரு எழுத்து மாத்தாதீங்க."

அம்மா மாற்றாமல் எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"ஒரு விவரம் விட்டுப்போச்சு, சார். தம்பி இறந்த சேதி உங்களுக்கு எப்படி வந்தது?"

"அவன் மகன் குமரகுரு சொன்னான்."

"நேர்ல வந்தா?"

"போன்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவ்வளவுதான், கோபம் ஓட்டலை விட்டுவிட்டு ஊர்ப் பக்கம் திரும்பியது.

"என்னத்தைச் சொல்றது? இருபத்திரண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லாத வீடு. ஒரு முழச் சுவருக்காகக் கூடப்பொறந்த அண்ணனைக் கோர்ட்டுக்கு இழுத்தவன் அவன். இருக்கட்டும். பங்காளிக்குச் சாவு சொல்றதுக்குன்னு ஒரு முறை இருக்கா இல்லையா? ஆள் விட்டுச் சொல்லணும். வாசல்ல நின்னு சொல்லணும். இந்தப் பய என்னடான்னா, கரண்டு பில்லு கட்டச் சொல்ற மாதிரி போன் போட்டு, பெரியப்பா, அப்பா போய்ட்டாருன்னு அழறான். நான் விடுவேனா? போன்ல சொன்னாச் செல்லாதுடா, முறைப்படி ஆளை அனுப்புன்னு சொல்லி..."

பேச்சு அங்கேயே நின்றது.

"சொல்லி?" என்றார் அம்மா.

தில்லைநாயகம் முற்றத்தைப் பார்த்தார். செம்பருத்திச் செடியைப் பார்த்தார்.

"வெச்சுட்டேன்."

அம்மா தாளை அட்டையிலிருந்து உருவி அவரிடம் நீட்டினார். அவர் வாங்கி வாசித்தார். நாலே நாலு வரிதான், நல்ல மணிமணியான கையெழுத்து. எழுத்துப் பிழை இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு தாள் வந்திருந்தால் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தியிருப்பார். ஓட்டலின் பெயர் மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

"ஓட்டல் பேர் போடலையே, அம்மா."

"நீங்க சொல்லலையே, சார்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. அந்தப் பையன் அழுதது இப்போதுதான் காதில் கேட்டது. அன்றைக்குக் கேட்டது வெறும் சத்தம். அப்பா எப்படிப் போனார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பதினான்கு நாளாகியும் தம்பி எப்படிச் செத்தான் என்று அண்ணனுக்குத் தெரியாது.

அம்மா அரிவாள்மணையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த வெண்டைக்காயை நறுக்க ஆரம்பித்தார்.

தில்லைநாயகம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஓட்டலுக்குப் போட்டுப் போட்டு, திரை முழுக்க அந்த ஒரே நம்பர். அதையெல்லாம் தாண்டிக் கீழே இறங்கி, பெயர் போடாத ஒரு நம்பரில் அவர் விரல் நின்றது.

"குமரகுருகிட்டே ஒரு வார்த்தை சொல்லிடறேன், அம்மா. வர்றேன்னு."

அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"போன்ல சொன்னாச் செல்லாது, சார். வாசல்ல போய் நில்லுங்க."