முதல் பெயர்

மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்த சவரிராயன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நியாயமான கோரிக்கைக்குப் பேரை எதுக்கு ஒளிக்கணும் அக்கா?"

வெள்ளத்தாய் நிமிர்ந்து பார்த்தார். பொள்ளாச்சியில் ஓர் அச்சகத்தின் பின்னறையில் உட்கார்ந்து வீட்டுமனை நோட்டீஸ்களை இரண்டாக மடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சங்கம் கட்டியவர். அதற்காக இரண்டு முறை சிறைக்குப் போனவர். சவரிராயனுக்குச் சங்க வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இன்று சவரிராயனுக்கு ஐம்பத்து நான்கு வயது, சங்கத்தின் செயலாளர். சிக்கல் என்று வந்தால் இன்னும் இங்கேதான் வருவார்.

"உட்காரு. பாதியை நீ மடி."

சவரிராயன் உட்கார்ந்தார். மடிக்கவில்லை.

"நம்மகூடக் கொழுந்து பறிக்கிற பவுனுத்தாயை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. பத்து நாள்ல தோட்டம் கொடுத்த லயன் வீட்டைக் காலி பண்ணணுமாம்."

"என்ன செஞ்சா?"

"மனுவுல கையெழுத்துப் போட்டா."

"எத்தனை பேர் போட்டீங்க?"

"முந்நூத்திப் பதினோரு பேர்."

"அப்புறம் அவளை மட்டும் எப்படிப் பிடிச்சாங்க?"

சவரிராயன் சொன்னார்.

தோட்ட நிர்வாகம் தொழிலாளிகளின் செல்போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தது. காலையில் அதற்கு முகத்தைக் காட்ட வேண்டும். மதியமும் காட்ட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். தேயிலைக் காட்டில் கழிப்பறை கிடையாது. பெண்கள் ஓடை ஓரம் ஒதுங்குவார்கள். பத்து நிமிடம் தாண்டினால் அரை மணி நேரக் கூலி போய்விடும். கழிப்பறை கட்ட நிர்வாகத்திடம் பணம் இல்லை. யார் எத்தனை முறை ஓடைக்குப் போனார் என்று எழுதிவைக்கப் பணம் இருந்தது.

பத்திரிகையில் செய்தி வந்தது: 'நவீனமாகிறது தேயிலைத் தோட்டம்.' படத்தில் ஒரு பெண் செல்போனைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெயரைப் போடவில்லை. அங்கே மட்டும் அது தேவைப்படவில்லை.

"அந்தச் செயலி வேண்டாம்னுதான் மனு போட்டோம்" என்றார் சவரிராயன். "பேப்பர் எடுத்துக்கிட்டு லயன் லயனா அலையல அக்கா. போன்லயே முடிச்சிட்டோம். பேரைத் தட்டி, பட்டனை அமுக்கினா போதும். சாயங்காலத்துக்குள்ள முந்நூத்திப் பதினொண்ணு. உங்க காலத்துல ஒரு மாசம் ஆகும்."

"ஆகும்" என்றார் வெள்ளத்தாய். "அந்த மனு இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்துக் கொடுத்தார் சவரிராயன். வரிசை எண், பெயர், செல்போன் எண், நேரம். முதல் வரியில் பவுனுத்தாய். காலை எட்டு பதினாலு.

"இதை யார் மேனேஜர் துரைகிட்ட கொடுத்தது?"

"நான்தான். கடையில அச்செடுத்து நேர்ல கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"நேரம் போட்டிருக்கே?"

"அது தானா வர்றது அக்கா."

"தானா வந்ததை நீயா கொடுத்திட்ட."

வெள்ளத்தாய் ஒரு நோட்டீஸைத் திருப்பிப் போட்டார். தன்னுடைய சாப்பாட்டுத் தட்டை அதன்மேல் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி ஒரு வட்டம் இழுத்தார்.

"ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

அந்தத் தோட்டத்தில் மனு எழுதும் முறை அதுதான். கோரிக்கை நடுவில் இருக்கும். கையெழுத்துகளும் கைநாட்டுகளும் வட்டத்தைச் சுற்றி இருக்கும். தாளைத் தரையில் வைத்து, அவரவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே போடுவார்கள். மேல் கிடையாது, கீழ் கிடையாது. ஒரு துரை அப்படி ஒரு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, தலை எது என்று ஒரு முழுக் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"எண்பத்தொன்பது போனஸ் மனுவுல முதல்ல போட்டது யாரு?" என்று கேட்டார் வெள்ளத்தாய்.

"எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. பேனாவைக் கொண்டுபோனதே நான்தான்."

"அது பயந்துகிட்டு இருந்த காலம் அக்கா. இப்ப நாங்க நெஞ்சை நிமித்திப் பேரைப் போடுறோம். திருடனா நாம, பேரை மறைக்கிறதுக்கு?"

வெள்ளத்தாய் விரலை வைத்துப் பட்டியலில் இறங்கினார். ஒரு தாள். இரண்டு. மூன்று. எட்டாவது தாளில் விரல் நின்றது.

"இருநூத்திப் பதினேழு. சவரிராயன். மத்தியானம் ஒண்ணு நாப்பது."

"வேலையா இருந்தேன்."

"செயலாளர்."

"ஆமா."

"எத்தனை பேர் போட்ட பிறகு போடலாம்னு நெனச்சிருந்த?"

சவரிராயன் ஒரு நோட்டீஸை எடுத்தார். மடித்தார். மடிப்பு கோணலாக விழுந்தது.

"இருநூறு" என்றார்.

"வட்டத்துல போட்டிருந்தா இது எனக்குத் தெரிஞ்சிருக்காது சவரி."

வெளியே அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. கோணலாக மடித்த நோட்டீஸை வாங்கிப் பிரித்து, வெள்ளத்தாய் மறுபடி மடித்தார்.

"பவுனுத்தாய் ஏன் அவ்வளவு சீக்கிரமாப் போட்டா?"

"அவளா போடல. அவ பெரிய பொண்ணு காலேஜ் படிக்குது. நான் கேட்டேன்னு அவங்க அம்மா போன்லயே மனுவைத் தயார் பண்ணிக் கொடுத்துச்சு. சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும்ல? பவுனு, உன் பேரைத் தட்டிப் பாரு, பட்டனை அமுக்குன்னேன். 'ஏண்ணே, போனு வெடிச்சா நானா சாகணும்?'னு சிரிச்சுக்கிட்டே அமுக்கினா. அங்கேயிருந்துதான் எல்லாருக்கும் போச்சு."

"துரை என்ன சொல்றாரு?"

"முதல் பேர் யாரோ அவதான் தூண்டிவிட்டவளாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்கறாரு."

"பொய் சொல்லல. நீ மனுவைக் கொடுக்கும்போது என்ன சொன்ன?"

"தொழிலாளிங்க தாங்களாவே திரண்டுட்டாங்க, நான் கொண்டுவந்து கொடுக்கிறவன்தான்னு... ஒரு பெருமைக்குச் சொன்னேன்."

"பெருமைக்கு."

சவரிராயன் பேச்சை மாற்றினார்.

"நீங்க ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுங்க அக்கா. அந்தரங்க உரிமை, தகவல் திருட்டு, முதலாளித்துவக் கண்காணிப்பு. உங்க பாணியில. இங்கேயே ஆயிரம் அடிச்சு இன்னைக்கே கொண்டுபோயிடறேன். மலை முழுக்க ஒட்டலாம்."

"விசாரணை எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"அவகூட யார் போறது?"

"சங்கத்துச் சார்பா நான்."

"என்ன சொல்லுவ?"

"அவ அப்பாவின்னு சொல்லுவேன்."

"அப்ப தூண்டினது யாருன்னு கேப்பாங்களே?"

சவரிராயன் நோட்டீஸ் கட்டைப் பார்த்தார்.

"எனக்கும் லயன் வீடுதான் அக்கா. அம்மா படுத்த படுக்கையா கிடக்கு. மழைக்காலம் வேற வருது."

"பவுனுத்தாய்க்கு?"

"ரெண்டு பொண்ணு. புருஷன் இல்ல."

"விசாரணைக்கு முன்னாடியே அவளைக் கூப்பிட்டாங்களா?"

"ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. யார் சொல்லிச் செஞ்சேன்னு கேட்டாங்க. வாயே திறக்கல. அந்தப் பொண்ணையும் கூப்பிட்டு மிரட்டிப் பாத்தாங்க. அதுவும் திறக்கல."

அச்சு இயந்திரம் நின்றது. சவரிராயன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கிறேன். நான் சொல்லித்தான் அவ அமுக்கினான்னு இந்தத் தாள்ல எங்கேயாவது பதிவாகியிருக்குமா?"

வெள்ளத்தாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பதினோரு தாளையும் முதலிலிருந்து பார்த்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

சவரிராயன் மூச்சு விட்டார்.

வெள்ளத்தாய் தாள்களை ஒழுங்காக அடுக்கி, இருந்தபடியே மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்தப் பதிவு பவுனுத்தாய் வீட்டுல இருக்கு. வீடே போனாலும் அம்மாவும் பொண்ணும் கொடுக்க மாட்டாங்க. அதைவிடப் பத்திரமான இடம் உனக்கு எங்கேயும் கிடைக்காது, சவரி."