மாமனார் வாங்கிய வாக்குவம் கிளீனர்

பூவரசம்பட்டியில் தனகோடி, சிகாமணி, பொன்னுரங்கம் என்று மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். மூன்று பேருக்குமாகச் சேர்த்து ஒரு மூளையாவது இருந்ததா என்று கேட்காதீர்கள். யாரும் தேடிப் பார்த்ததில்லை.

இவர்களில் தனகோடிக்குத்தான் அவசரம். அவன் மாமனார் குழந்தைவேலு பக்கத்து ஊரிலிருந்து வந்து மகள் கோமளாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "மாப்பிள்ளை, ஒரு மாசச் சம்பளத்தை வாங்கி என் கண்ணுல காட்டுங்க. அன்னைக்கே கோமளாவை அனுப்பி வைக்கிறேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

சிநேகிதர்கள் மூவரும் வாக்குவம் கிளீனர் விற்கும் கம்பெனியில் சேர்ந்தார்கள். மேனேஜர் கிளெமென்ட் டையைச் சரிசெய்துகொண்டு சம்பள விஷயத்தை விளக்கினார். மாதச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு மெஷின் பத்தாயிரம் ரூபாய். விற்றால் இரண்டாயிரம் கமிஷன், அடுத்த ஒன்றாம் தேதி கைக்கு வரும். நீங்கள் ஓர் ஆளைச் சேர்த்துவிட்டு, அவர் விற்றால் அதிலும் உங்களுக்குப் பங்கு. ஆனால் மூன்று மாதத்துக்குள் மெஷின் விற்றவரிடமே திரும்பி வந்துவிட்டால், கொடுத்த கமிஷனைக் கம்பெனி பிடித்துக்கொள்ளும். புரிந்ததா என்று கேட்டார். மூவரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். அந்த மனிதர் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெளியே வந்து டீக்கடையில் ஆலோசனை. அடுத்தவன் விற்றால் தனக்குப் பங்கு என்ற ஏற்பாடு எல்லோருக்கும் பிடித்திருந்தது. தனகோடி சிகாமணியைச் சேர்த்துவிட்டான். சிகாமணி பொன்னுரங்கத்தைச் சேர்த்துவிட்டான். பொன்னுரங்கத்துக்குச் சேர்க்க ஆள் இல்லாமல் முகம் வாடியது. பாவம் என்று தனகோடி தானே அவனுக்குக் கீழே சேர்ந்துகொண்டான். பிறகு, தன் ஆள் விற்றுக்கொண்டு வரட்டும் என்று மூவரும் அவரவர் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்துச் சந்தித்து, தன் ஆள் சோம்பேறி என்று ஒவ்வொருவனும் புகார் சொன்னான். மூன்று புகாரும் நியாயமானவைதான்.

கிளெமென்ட் கூப்பிட்டுத் திட்டினார். வீடு வீடாகப் போக வேண்டும், மெஷின் தூசியை உறிஞ்சுவதை ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஆசிரியர் காலனியில் முதல் வீட்டு அம்மாள் அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தாள். ஒரு பொட்டுத் தூசி கிடையாது. மூவரும் வெளியே வந்து யோசித்தார்கள்.

"தூசியே இல்லாத வீட்டுல எதைடா உறிஞ்சிக் காட்டுறது?" என்றான் சிகாமணி.

"சேலை விக்கிறவன் சேலையைத் தூக்கிட்டுத்தானே வர்றான்? தூசி நம்ம கையில இருக்கணும்" என்றான் பொன்னுரங்கம்.

மறுநாள் செங்கல் சூளையிலிருந்து ஒரு மூட்டை தூளோடு போனார்கள். முதல் வீட்டுக் கூடத்தில் நன்றாகத் தூவிவிட்டு சுவிட்சைப் போட்டார்கள். கரண்ட் இல்லை. வந்ததும் வருகிறோம் என்று பணிவாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்த் தூவினார்கள். அங்கேயும் இல்லை. தெரு முழுவதும் இல்லை என்பது மூட்டை காலியான பிறகுதான் தெரிந்தது. அந்தத் தெருவில் அன்றைக்குத் துடைப்பங்கள் இரண்டு வேலை பார்த்தன.

அதற்குப் பிறகு இவர்களை வாசலோடு விரட்டாத வீடு எது? மாப்பிள்ளையை விரட்டினால் நன்றாக இருக்காது என்று நினைக்கிற வீடு ஒன்றுதான்.

குழந்தைவேலு மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். "நான் இதை வாங்கினா உங்களுக்குச் சம்பளம் வருமா?"

"ரெண்டாயிரம் வரும் மாமா."

பசுமாடு விற்ற பணத்திலிருந்து பத்தாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். மாப்பிள்ளை சொந்தக் காலில் நின்றுவிட்டார் என்று மனைவியிடம் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு நாளில் மெஷின், முற்றத்தில் காயப்போட்டிருந்த உளுந்தை உறிஞ்சித் தீர்த்தது. மாமனார் அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். தனகோடி நடுங்கிப்போய், மெஷின் தன் கைக்குத் திரும்பினால் சம்பளம் போய்விடும், சம்பளம் போனால் கோமளா வர முடியாது என்று விளக்கினான். குழந்தைவேலுவும் பயந்து மெஷினைத் தூணோடு சேர்த்துக் கட்டிவைத்தார். மனுஷன் மனசு மாறும் என்று பொன்னுரங்கத்துக்கு மட்டும் சந்தேகம். அதனால் ஒன்றாம் தேதி வரை மூவரும் முறை வைத்து அந்த வீட்டு வாசலில் காவல் இருந்தார்கள். குழந்தைவேலு கடைக்குக் கிளம்பினால் மஞ்சள் பையைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். பத்தாயிரம் கொடுத்து வாங்கியவரை!

தனகோடியின் முறை வரும்போது கோமளா காபி கொண்டுவந்து நீட்டுவாள். உள்ளே வந்து உட்கார்ந்து குடிக்கலாமே என்பாள்.

"சம்பளம் வரட்டும்" என்பான் அவன். டம்ளரைக் கொடுத்த பிறகும் அவள் உள்ளே போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பான்.

ஒன்றாம் தேதி கமிஷன் வந்தது. வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்து மாமனாரிடம் காட்டினான். குழந்தைவேலு சொன்ன சொல் தவறவில்லை. தனகோடி வீட்டைப் பெருக்க முன்னால் ஓடினான். பின்னாலேயே கோமளா ஆட்டோவில் வந்து இறங்கினாள். சம்பளம்தான் வந்தாயிற்றே என்று குழந்தைவேலு அனுப்பிய சீரும் கூடவே வந்திறங்கியது. அரிசி, வெல்லம், குத்துவிளக்கு, வாக்குவம் கிளீனர்.

தனகோடி வாசலை மறித்து நின்றான். சிநேகிதர்கள் ஓடிவந்தார்கள்.

"மெஷின் எங்க வந்திருக்கு?" என்றான் சிகாமணி.

"என் வீட்டுக்கு."

"வித்தது யாரு?"

"நான்தான்." தனகோடி தலையில் கை வைத்துக்கொண்டான். "கமிஷன் போச்சு. சம்பளம் இல்லேன்னு ஆயிடும். கோமளா திரும்பிப் போகணும்."

மெஷினைச் சிகாமணி வீட்டில் வைக்கலாமே என்றாள் கோமளா. தனகோடிக்குக் கீழே சேர்ந்தவன் வீட்டுக்கு வந்தாலும் அதே குற்றம்தான் என்று சிகாமணி பின்வாங்கினான். அப்பாவுக்கே அனுப்பலாமா என்று தனகோடி கேட்டான். பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பினால் அப்பா இந்த ஜென்மத்துக்கு இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்றாள் அவள். ஆட்டோக்காரன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னுரங்கம் வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். "மெஷின் உங்கிட்ட வரக் கூடாது, அவ்வளவுதானேடா? அது உள்ள போகட்டும். நீ வெளிய போ."

தனகோடியின் முகம் மலர்ந்தது. இரண்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அதே ஆட்டோவில் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். மூன்று மாதம் முடிகிற வரை மெஷினும் கோமளாவும் இவன் வீட்டில், இவன் அவள் வீட்டில்.

தினமும் காலையில் கம்பெனி முறைப்படி போன் செய்து, "வணக்கம் மேடம், மெஷின் நல்லா வேலை செய்யுதா?" என்று விசாரிக்கிறான். கோமளா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "நல்லா இருக்கு. திருப்பிக் குடுக்குற எண்ணமே இல்ல" என்கிறாள்.

அவன் போனை வைத்ததும் குழந்தைவேலு இட்லித் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார். "மக எப்படி இருக்கா மாப்பிள்ளை?"

"ரொம்பத் திருப்தியான கஸ்டமர், மாமா."