வெளியே நின்ற சடையன்

ஒரே ஒரு மலையாம், அதன் அடியில் ஒரே ஒரு ஊராம், அந்த ஊருக்கு ஒரே ஒரு வாசலாம். சுற்றிலும் முள்வேலி. மாடுகளைத் தின்ற புலி மனிதரையும் தின்னத் தொடங்கியதும், ஊர் கூடி மொக்கையனைக் காவலுக்கு வைத்தது.

அதற்கு ஒரு முறை உண்டு. வாசலுக்குக் குறுக்கே போடும் கனத்த மரத்தின் மேல் வீட்டுக்கு ஒருவர் கைவைத்து, "எங்க உசிரக் காக்க, இந்த மரத்தப் போடவும் எடுக்கவும் ஒனக்கு விட்டோம்" என்று சொல்ல வேண்டும். புலிக்குக் கணவனைப் பறிகொடுத்த ஒச்சாயியும் சொன்னாள். சடையன் மட்டும் கைவைக்கவில்லை. "புலிக்குப் பயப்படுறது போதாதா? இவனுக்கும் பயப்படணுமா?" என்று கேட்டுவிட்டுத் தன் குடிசைக்குப் போய்விட்டான்.

பொழுது மலையில் விழுந்தால் மரம் போட்டாக வேண்டும், யாருக்காகவும் எடுக்கக் கூடாது. இது மொக்கையன் வைத்த சட்டம்.

ஒரு நாள் மரம் போட்டாகிவிட்டது. வெளியே குரல் கேட்டது.

"அண்ணே, நான் சடையன். கால்ல முள்ளு ஏறிருச்சு, நடக்க முடியல. மரத்த எடுங்க."

தூரத்தில், குளத்துப் பக்கம், குரங்குகள் கத்தின. புலி கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

"நீதான் மரத்துல கைவைக்கலையே. என் காவல் ஒனக்கு இல்ல" என்றான் மொக்கையன்.

"இப்ப ரெண்டு கையும் வைக்கிறேண்ணே. எடுங்க."

குரல் கேட்டு ஒச்சாயியும் இன்னும் சிலரும் வேலிக்குள் வாசலருகே வந்து கூடினார்கள். சடையன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவன் மரத்தை நகத்தால் பிறாண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அது இன்னும் குளத்துப் பக்கந்தாண்ணே இருக்கு. நேரமிருக்கு" என்றாள் ஒச்சாயி.

"நீ சொன்ன சொல்லு என்னாச்சு?"

அவன் தடுக்க வருவதற்குள் அவள் தோள் கொடுத்து மரத்தைத் தூக்கினாள். சடையன் உள்ளே விழுந்தான். மரத்தைத் திரும்பப் போட்டு நெடுநேரம் கழித்துத்தான் வேலிக்கு வெளியே புலியின் உறுமல் கேட்டது.

விடிந்ததும் மொக்கையன் ஊரைக் கூட்டினான். "புலி உள்ள வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? வாக்க முறிச்சவ இன்னைக்குப் பொழுது சாயும்போது வேலிக்கு வெளிய நிக்கட்டும்."

ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள்: எதிர்த்துப் பேசினால் நாளை வெளியே நிற்பது யார்?

மொக்கையன் சட்டத்தைக் காத்தான். சடையன் சம்மதம் தராமலே காவல் கேட்டான். ஒச்சாயி சம்மதம் தந்துவிட்டு மீறினாள். நீங்களே சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

ஒச்சாயி செய்ததுதான் சரி. ஊர் மொக்கையனிடம் மரத்தைத்தான் விட்டது, உயிரை விடவில்லை. வாழும் உரிமை காவல்காரன் வருவதற்கு முன்பே சடையனிடம் இருந்தது. கைவைக்காததால் அது போய்விடாது. உயிரைக் காக்கத் தந்த அதிகாரம் உயிரைப் பறிக்கத் திரும்பினால், தந்தவர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். புலி வாசலிலேயே நின்றிருந்தால் வேறு பேச்சு. அது தூரத்தில் இருந்தது மொக்கையனுக்கும் தெரியும்.

ஊருக்கும் இது மெல்ல விளங்கியது. ஒவ்வொருவராக வந்து ஒச்சாயி பக்கம் நின்றார்கள். காவலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

"ஒங்களுக்குப் புலிப் பயம் விட்டுப்போச்சா?" என்றான் மொக்கையன்.

"இல்லண்ணே" என்றாள் ஒச்சாயி. "ஆனா அது ராத்திரி மட்டுந்தான். ஒங்கள நெனச்சா பகல்லயும் நடுங்குது."

கூட்டம் கலைந்தது. மொக்கையனும் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான்.