கை வைக்காத சட்டை

“சட்டையில இருந்து கையை எப்படிங்க வெட்டறது?” என்று கேட்டபடி பொன்னுரங்கம் வாசலில் வந்து நின்றார்.

நசீமா மிஷினை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த தையலை முடித்து, நூலை அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“கத்திரிக்கோலாலதாங்க” என்றாள்.

அவளுக்கு முப்பது வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டு, இப்போது நாமக்கல்லில் வீட்டிலேயே தைக்கிறாள். தெருவில் அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான்.

அவருக்கு அறுபத்து மூன்று. முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர்.

தோளில் இருந்த சாக்குப் பையைத் தரையில் கவிழ்த்தார். மஞ்சள், ஊதா, சிவப்பு, பச்சை என்று டி-சர்ட்டுகளாக வந்து விழுந்தன. டயர்க்காரர்களும் ஆயில் கடைக்காரர்களும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஓட்டுநர்களுக்குக் கொடுத்தவை. துவைத்துத் துவைத்து நைந்து, பூப்போல மெத்தென்று இருந்தன.

“யாருக்குங்க?”

“வீட்டுல அவளுக்கு.”

அதன்பிறகு அவர் சொன்னது இது. மாசி மாதம் ஒரு காலையில் பாவாயி கீழே விழுந்தாள். ஸ்ட்ரோக் என்றார்கள். உயிர் பிழைத்ததே பெரிது. இடது கால் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பேச்சு வருகிறது, ஆனால் குழறுகிறது.

இப்போது சித்திரை. அனல் அடிக்கிறது. ஒவ்வொரு நாளும் நைட்டியை மாற்றும்போது அந்தக் கையை உள்ளே விடுவதற்குள் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அலறுகிறாள். மூன்று நாளாக மாற்றவே விடவில்லை. குளிக்கவும் இல்லை. முதுகு முழுக்க வேர்க்குரு. தொடப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

“இப்படியே விட்டா முதுகு புண்ணாயிரும்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போனாங்க” என்றார்.

“வச்சுட்டுப் போங்க. நாளைக்கு நானே வெட்டித் தெச்சுத் தர்றேன்.”

“இல்லீங்க மாஸ்டர். எனக்குக் கத்துக் குடுங்க.”

“ஏனுங்க?”

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

“இந்தக் கையாலதானுங்களே இழுத்தேன்.”

நசீமா கத்திரிக்கோலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அன்று அவர் ஒரு பச்சை டி-சர்ட்டை எடுத்து, கையைச் சேர்த்துத் தைத்திருந்த தையலை ஒட்டியே வெட்டினார். இரண்டு பக்கமும் கை தனியாக வந்துவிட்டது. தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது.

“ஆச்சுங்களா மாஸ்டர்?”

“போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

மறுநாள் விடிந்ததும் அந்தப் பச்சை டி-சர்ட்டோடு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“கையை வெட்டிட்டேன். வலி போகலைங்களே.”

“எப்படிப் போட்டு விட்டீங்க?”

“எல்லாரும் போடற மாதிரிதான்.”

“கையைக் குடுங்க” என்றாள் நசீமா.

அவருடைய இடது கையை மடக்கி, நெஞ்சோடு சேர்த்து, ஒரு பழைய துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். பிறகு அந்தப் பச்சை டி-சர்ட்டை எடுத்தாள். வலது கையை முதலில் மாட்டினாள். தலையை நுழைத்தாள். துணி முழுதும் வலது பக்கம் போய் இழுத்துக்கொண்டு நின்றது. மீதி இருந்த ஓட்டைக்குள் அவருடைய இடது முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“யம்மா!” என்று கத்தினார் பொன்னுரங்கம்.

“ரெண்டு நிமிசம்தாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்றாள் நசீமா.

அவர் அப்படியே நின்றுவிட்டார். தலை பாதி துணிக்குள் இருந்தது.

அது அவர் தினமும் காலையில் பாவாயியிடம் சொல்வது. ஒரு வார்த்தை மாறவில்லை.

“நான் அப்படிச் சொல்லுவேன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“எல்லாரும் அதைத்தாங்க சொல்லுவாங்க.” தன் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினாள். “எனக்கு ஒருக்கா இங்க எலும்பு முறிஞ்சுது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன்.”

அவர் டி-சர்ட்டிலிருந்து தலையை வெளியே எடுத்தார். துப்பட்டாவின் முடிச்சைத் தேடினார்.

“அவுக்காதீங்க” என்றாள். “பொழுது சாயட்டும்.”

ஒற்றைக் கையோடு அவர் வீட்டுக்குப் போனார்.

சோற்றுப் பானையின் மூடியை எடுத்தால் பானையைப் பிடிக்கக் கை இல்லை. பானையைப் பிடித்தால் கரண்டிக்குக் கை இல்லை. சொம்பு கைநழுவி விழுந்து சமையலறை முழுக்க உருண்டது. மடங்கிய கைக்கு அடியில் வேர்வை ஊறி நமைச்சல் எடுத்தது. பதினோரு மணிக்குள் அந்தக் கையைக் கழற்றி வைத்துவிடலாமா என்று இருந்தது அவருக்கு.

சத்தம் கேட்டுப் பாவாயி சுவர்ப் பக்கத்திலிருந்து திரும்பினாள்.

“கை... என்னாச்சு?”

“மாஸ்டரு கட்டி உட்டுட்டாங்க.”

“எதுக்கு?”

“உனக்கு எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியோணுமாம்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டி நனைந்து, நெற்றியில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்த அந்த மனுஷனை மேலும் கீழும் பார்த்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் மெல்ல விரிந்தது. மாசிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

“அரிக்குதா?”

“உசுரு போகுது புள்ளே.”

“எங்க?”

“அக்குள்ல.”

“இப்படி வாங்க.”

கட்டிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் வலது கையை நீட்டி, துப்பட்டாவுக்குள் விரலை விட்டு, அரித்த இடத்தைச் சரியாகச் சொரிந்துவிட்டாள்.

பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டார். நாக்பூர் லோடு, கட்டாக் லோடு என்று இருபது நாள் கழித்து வீட்டுக்கு வருவார். முதுகு பலகையாக இறுகியிருக்கும். எங்கே வலிக்கிறது என்று அவர் சொன்னதே இல்லை. இவள் எண்ணெயோடு வந்து உட்கார்ந்தால் கை நேராக அந்த இடத்துக்குத்தான் போகும்.

இதை அவர் இதுவரை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் நசீமாவிடம் போனபோது அவர் எப்படி வெட்டுவது என்று கேட்கவில்லை.

“மாஸ்டர், எந்தக் கையை முதல்ல போடறது?”

“வலிக்கிற கையை. கழட்டும்போது அதைக் கடைசியில.”

“வலிக்கிற கையைத் தூக்காமப் போட முடியுங்களா?”

நசீமா மிஷினை விட்டு எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தாள். ஒரு டி-சர்ட்டை எடுத்து நடுவில் மடித்தாள். கை மேல் கை, தோள் மேல் தோள் பொருந்தி நின்றது.

“இப்படி மடிச்சுப் போட்டுக்குங்க. கைத் தையலை விட்டு உள்ள தள்ளி வெட்டோணும். கீழ விலாப் பக்கம் நல்லா இறக்கி வளைச்சு விடுங்க. முதல்ல கொஞ்சமா வெட்டுங்க. பத்தலைன்னா இன்னும் வெட்டிக்கலாம். வெட்டுனதை ஒட்ட வைக்க முடியாது.”

“ஓரம் பிரியாதுங்களா?”

“பனியன் துணிங்க. பிரியாது. வெட்டுன ஓரத்தை விரலால இழுத்து விடுங்க, தானாச் சுருட்டிக்கும். மடிச்சுத் தெக்கறதெல்லாம் வேண்டாம்.”

இழுத்துக் காட்டினாள். ஓரம் சுருண்டு கயிறு போலத் திரண்டுகொண்டது.

பிறகு இடது தோளை மட்டும் மேலேயும் வெட்டித் திறந்தாள். வெட்டிப் போட்ட கைத்துணியிலிருந்து இரண்டு பட்டைகள் எடுத்து, தோளின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்துத் தைத்தாள். முடிச்சுப் போட்டால் தோள் மூடிக்கொண்டது. அவிழ்த்தால் அந்தப் பக்கம் முழுதும் கதவு மாதிரி திறந்தது.

பொன்னுரங்கம் அந்த முடிச்சை நாலைந்து தடவை போட்டு அவிழ்த்துப் பார்த்தார்.

“எத்தனை விரக்கடை இறக்கி வெட்டறதுங்க?”

“சட்டை எனக்கில்லீங்களே” என்றாள் நசீமா. ஒரு சாக்பீஸ் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லா டி-சர்ட்டையும் பாவாயியின் முன்னால் கட்டிலில் பரப்பினார். விஷயத்தைச் சொன்னார்.

“கை வைக்காத சட்டையா?” என்றாள் அவள். “நானா?”

“ஆமா.”

“பேத்தி போடுவா அதெல்லாம். ஊரு சிரிக்கும்.”

போன வாரமாக இருந்தால், ஊர் கிடக்கட்டும் என்று அவரே ஒன்றை எடுத்து வெட்டியிருப்பார். இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய நைட்டி கழுத்திலிருந்து இடுப்பு வரை வேர்வையில் நனைந்திருந்தது.

பாவாயி டி-சர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“அந்த மஞ்சள்ல என்ன எழுதியிருக்குது?”

“டயரு பேரு.”

“அது வேண்டாம். ஊதாவுல?”

“அதுல முதுகுலதான் எழுத்து.”

“முதுகுன்னா யாரு பாக்கறா. குடுங்க.”

சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். அவர் துணி நகராமல் பிடித்துக்கொண்டார். வலது பக்கம் தோளோடு சேர்த்து மேலாக ஒரு கோடு போட்டாள். இடது பக்கம் கோடு இறங்கி, இறங்கி, இடுப்புக்கு நாலு விரல் மேலே வந்துதான் நின்றது.

“ரெண்டும் சமமா இல்லையே பாவாயி.”

“என்ற கை சமமா இருக்குதா?”

அவர் கத்திரிக்கோலை எடுத்தார்.

முப்பத்தைந்து வருஷம் மலைப்பாதையில் பாரம் ஏற்றிய வண்டியைத் திருப்பிய கை, கத்திரிக்கோலைக் கோட்டின் நுனியில் வைத்ததும் நின்றது.

“வெட்டட்டுமா?”

“வெட்டுங்க.”

கோட்டின் மேலேயே வெட்டினார். நசீமா காட்டியபடி இடது தோளைத் திறந்தார். பட்டைகளைக் கோணல்மாணலாகக் கையாலேயே தைத்தார். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. பாவாயி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தையல் தெரியும்.

வெந்நீர் வைத்தார். நைட்டியின் இடது கையைத் தோளிலிருந்து வெட்டியே எடுத்தார். அந்தக் கையை இழுக்க அவருக்கு இனி மனசு இல்லை. நைட்டியைக் கழற்றி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டார்.

“இந்தப் பக்கம் கொண்டு வரட்டுமா?”

தலையசைத்தாள்.

“கையைக் கொஞ்சம் நகத்தட்டுமா?”

“மெதுவா.”

ஊதாத் துணியை மடங்கிய கைக்கு அடியில் செலுத்தினார். பிறகு தலை. பிறகு வலது கை. அதை அவளே விட்டுக்கொண்டாள். இடது தோளின் மேல் முன்துணியையும் பின்துணியையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். கை இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது.

அலறல் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.

மின்விசிறிக் காற்று விலாப் பக்கத்து வளைவுக்குள் நுழைந்து துணியைப் புடைக்கச் செய்தது. பாவாயி தலையணையில் சாய்ந்தாள்.

“காத்து வருதுங்க” என்றாள்.

“நல்லா வருதா?”

“நல்லா வருது.”

அவள் அப்படியே தூங்கிவிட்டாள். பொன்னுரங்கம் ஸ்டூலை விட்டு எழவில்லை. யாருக்கு என்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டார்.

அந்த வாரத்துக்குள் ஏழு சட்டைகள் ஆகிவிட்டன. ஒன்றைப் போல் ஒன்று இல்லை. வேர்க்குரு அடங்கியது. சாயங்காலங்களில் பாவாயி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் தோளில் துண்டு போட்டிருந்தாள். மூன்றாம் நாள் துண்டு இல்லை.

எதிர்வீட்டுப் பழனியம்மா நின்று பார்த்தாள்.

“என்ன பாவாயி, புது மாடலா இருக்குது?”

“உனக்கும் ஒன்னு வெட்டச் சொல்லட்டுமா?” என்றாள் பாவாயி. “வேர்க்காது.”

பழனியம்மா சிரித்துக்கொண்டே போனாள். மறுநாள் தன் மகனுடைய பழைய டி-சர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பொன்னுரங்கம் ஒரு கூடை மாம்பழத்தோடு நசீமாவின் வீட்டுக்குப் போனார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன்னில் பாதி வயதுகூட ஆகாத அவள் முன்னால் கை கூப்பி நின்றார்.

“மாஸ்டர், என்ன சொல்றதுன்னே தெரியலைங்க. நல்லா இருக்கோணும் நீங்க. எல்லாம் கத்துக்கிட்டேன்.”

“கத்துக்கிட்டீங்களான்னு உங்களைக் கேட்டா எப்படிங்க தெரியும்?” என்றாள் நசீமா.

மிஷினை மூடினாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தாள்.

பாவாயி வாசல் நாற்காலியில் இருந்தாள். வந்தது யார் என்று அவர் சொன்னதும், வலது கையால் நசீமாவின் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். விடவே இல்லை.

நசீமா அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தோள் முடிச்சைப் பார்த்தாள். இறங்கிய வளைவைப் பார்த்தாள். கோணல் தையலைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

“சட்டை மாத்தறப்ப இன்னும் வலிக்குதுங்களா?”

பொன்னுரங்கம் நாற்காலிக்குப் பின்னால் நின்று, பாவாயியின் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“வலிக்குது கண்ணு” என்றாள் பாவாயி.

அவர் முகம் விழுந்துவிட்டது. ஒரு வாரமாக அவள் ஒரு சத்தம்கூடப் போடவில்லையே.

“அப்பறம் ஏனுங்க கத்தறதில்லை?” என்று கேட்டாள் நசீமா.

பாவாயி கழுத்தைத் திருப்பி அவரை அண்ணாந்து பார்த்தாள்.

“இப்பெல்லாம் கேட்டுட்டுத்தானே தொடறாரு.”